பேர் வெட்டிய பானை

வசந்தம் நகருக்குப் போலீஸ் ஸ்டேஷன் வந்து பதினோரு நாளாகியும் ஒரு கேஸ்கூட விழவில்லை. புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்காக வராண்டாவில் போட்டிருந்த பெஞ்சில் ஒரு செவலைப் பூனை படுத்துக் கிடந்தது.

இதெல்லாம் ராணியம்மாளுக்குக் கீழே இறங்காமலேயே தெரியும். ஸ்டேஷன் நடப்பது அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான். சொந்தக் கட்டடம் எழும்புகிற வரைக்கும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். சிவப்பும் நீலமுமாகப் பலகை மாட்டினார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற அறைக்குக் கம்பிக் கதவு போட்டு லாக்கப் ஆக்கினார்கள். இப்போதும் அந்த அறையில் மல்லாட்டைத் தோல் வாசனைதான் அடிக்கும். மாடிச் சமையல்கட்டில் நின்றால், படிச்சந்து வழியாகக் கீழ்ப்பேச்சு அத்தனையும் ஏறி வரும். வயர்லெஸ் மைக் நாள் முழுக்கக் கரகரத்துக்கொண்டே இருக்கும். அரைத்தூக்கத்தில் கேட்டால், பெரியகுப்பம் கடல்தான் நகர்ந்து வீட்டுக்கடியில் வந்துவிட்டதோ என்றிருக்கும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், பன்னிரண்டு பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் முந்திரித் தோப்பும் மல்லாட்டைக் கொல்லையும்தான். தானே புயல் ஒரே காலையில் அத்தனை முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது. திரும்ப மரம் வைத்துக் காய்க்கிற வரை காத்திருக்க யாருக்கும் தெம்பில்லை. கொல்லையை மனையாகப் பிரித்து மஞ்சள் கல் நட்டார்கள். நெய்வேலியில் ரிட்டயர் ஆனவர்கள், சிங்கப்பூரிலிருந்து திரும்பினவர்கள், வாத்தியார்கள் என்று ஒவ்வொருவராக வந்து வீடு கட்டினார்கள். இப்போது மார்கழிக் காலையில் மாடியிலிருந்து பார்த்தால், பனியில் வீடெல்லாம் கரைந்துபோய் மொட்டைமாடித் தண்ணி டேங்குகள் மட்டும் கறுப்புக் கறுப்பாக மிதந்துகொண்டிருக்கும். ஒன்பது மணிக்குமேல்தான் அவற்றுக்குக் கீழே வீடு முளைக்கும்.

ராணியம்மாளின் புருஷன் பூவராகன் அந்தப் பனியைப் பார்த்தபடி ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆடி மாசம் பக்கவாதம் வந்து வலது கையையும் பாதிப் பேச்சையும் எடுத்துக்கொண்டது. மீதிப் பேச்சையும் நம்புவதற்கில்லை. "அப்பா மாடு ஓட்டிக்கிட்டுப் போறாரு" என்பார். அப்பா செத்து முப்பது வருஷம். "தோ, முந்திரி பூத்திருக்கு" என்பார். அங்கே செல்போன் டவர் நிற்கும். ராணியம்மாள் ஒவ்வொன்றுக்கும் "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு அவர் வாயைத் துடைத்துவிடுவாள். அவர் தடுமாறாமல் சொல்கிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "அக்கா."

அக்கா என்றால் தில்லையம்மாள். சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் இந்த வாசலை மிதித்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. பூவராகன் விழுந்த பிறகு ராணியம்மாள் இரண்டு தடவை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். பதில் இல்லை. நேரில் போகக் கால் எழவில்லை. ஏன் எழவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் காலை இட்லித் தூக்கோடு கீழே இறங்கினாள். ஸ்டேஷன் ஆட்களுக்குக் காலைச் சாப்பாடு அவள் கையால்தான்.

"யக்கா, இட்லி பூவாட்டம் இருக்கு. ஆனா தொண்டையில எறங்க மாட்டுது" என்றார் ரைட்டர் தட்சிணாமூர்த்தி. ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்கப் பார்க்கிற ஏட்டு அவர். தலை நரைத்த ஆள்.

"ஏன், சட்னியில உப்பு ஜாஸ்தியா?"

"மனசுல பயம் ஜாஸ்தி. பன்னெண்டு நாளா போணி ஆவல."

"கேஸு வரலன்னா நல்லதுதான? ஊரு ஒழுங்கா இருக்குதுன்னு அர்த்தம்."

"கடையத் தொறந்து வெச்சிட்டு யாவாரம் இல்லன்னா நல்லதுன்னுவியா? அதாச்சும் பரவால்ல. மொதல் கேஸு என்னாவா வரப் போவுதுன்னு தெரியலியே. தோ, மெயின் ரோடு. எவனாச்சும் லாரிக்காரன் ஒருத்தன அடிச்சிப் போட்டுட்டுப் போனான்னா ஒண்ணாம் நம்பரே எழவு நம்பரு. முன்ன ஒரு ஸ்டேஷன் தொறக்கச்ச நான் இருந்தேன். போணியே கெணத்துல மெதந்த கேஸு. அப்பறம் மூணு வருஷம், வாரத்துக்கு ஒண்ணு. பொணம் தூக்கியே தோளு எறங்கிப் போச்சி."

"ஏட்டய்யா, நான் இன்னும் சாப்புடல" என்றாள் பெண் போலீஸ் சினேகா. சேத்தியாத்தோப்புப் பெண், வேலைக்குப் புதுசு.

"சாப்புடு. போணி கேஸு ஒரு கோழித் திருட்டு, ஒரு செருப்புத் திருட்டுன்னு லேசா விழுந்துட்டா ஸ்டேஷனும் லேசா ஓடும். யக்கா, ஒன் வூட்ல எதுனா காணாமப் போச்சா?"

உள்ளறையிலிருந்து எஸ்.ஐ. செந்தமிழ்செல்வன் குரல் கொடுத்தார். இருபத்தெட்டு வயசு, இதுதான் முதல் ஸ்டேஷன். "ஏட்டய்யா, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கெடையாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?" சொல்லிவிட்டு வெளியே வந்து, வாசலில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, "காணாமப் போச்சாம்மா?" என்று அவரும் கேட்டார்.

ராணியம்மாள் யோசித்தாள். "ஒரு வெங்கலப் பான காணோம்."

தட்சிணாமூர்த்தி தட்டைத் தள்ளி வைத்தார். "அங்கியே நில்லு. கைய கழுவிக்கிட்டு வரேன்."

பானை போனது நிஜம். ஸ்டேஷன் திறந்த அன்று வாசலில் கல் கூட்டிப் பால் காய்ச்சினார்கள். அதற்கு அவள்தான் பானை கொடுத்தாள். கடலூரிலிருந்து பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். நகர்வாசிகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். யாரோ ஒரு சீப்பு வாழைப்பழமும் திராட்சையும் கொண்டுவந்து மோட்டார் பெட்டி மேல் வைத்திருந்தார்கள். போலீஸ்காரர்கள் அதையும் வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்து பார்த்தால் பால் வாளியில் இருந்தது, பானை இல்லை. யாராவது கழுவ எடுத்துப் போயிருப்பார்கள், தன்னால் வரும் என்று விட்டுவிட்டாள்.

"அடையாளம் சொல்லுக்கா."

"கழுத்துல புள்ளி புள்ளியாப் பேரு வெட்டியிருக்கும். தில்லையம்மாள்னு."

"அது யாரு?"

"எங்க வூட்டுக்காரரோட அக்கா."

பேனா நின்றது. "அப்ப பான ஒங்களுதா, அவுங்களுதா?"

சிதம்பரம் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே போனது. ராணியம்மாள் அது போகிற திசையைப் பார்த்தாள்.

"எங்க வூட்ல இருந்தது எங்க வூட்டுதுதான?" என்றாள்.

'எனக்குச் சொந்தமான' என்று எழுதிக்கொண்டார் ரைட்டர். அவள் கையெழுத்துப் போட்டாள். வசந்தம் நகர் காவல் நிலையம், குற்ற எண் ஒன்று. சினேகா ரோட்டுக் கடையிலிருந்து கேசரி வாங்கி வந்தாள். ஆளுக்கு ஒரு கரண்டி. தட்சிணாமூர்த்தி அன்றைக்கு ஏழு இட்லி சாப்பிட்டார்.

போணிக்காக எழுதினது, அப்படியே கிடக்கும் என்றுதான் ராணியம்மாள் நினைத்தாள். எஸ்.ஐ.யோ முதல் கேஸ் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நகருக்குள் நுழைகிற இடத்தில் மருந்துக்கடை வாசலில்தான் ஒரே ஒரு கேமரா. மூன்று நாள் உட்கார்ந்து திறப்பு விழா அன்றைய பதிவு முழுக்கப் பார்த்தார். நாலாம் நாள் மத்தியானம், ராணியம்மாள் மாடியில் சங்கரா மீனை உரசிக்கொண்டிருந்தபோது சினேகா மேலே ஓடி வந்தாள்.

"பெரிம்மா, ஆளு மாட்டிக்கிச்சி! நம்ம சார் கண்டுபுடிச்சிட்டாரு. ஒரு கெழவி!"

செல்போனை நீட்டினாள். சாம்பல் வெளிச்சத்தில், ஒரு வயசான பொம்பளை பெரிய கட்டைப்பையைச் சுமந்துகொண்டு ரோட்டைப் பார்த்துப் போகிறாள். பைக்கு மேலே பானை விளிம்பு தெரிகிறது. இடது காலை லேசாக வீசி வீசி நடக்கிறாள். பஸ்ஸுக்குக் கை காட்டுமுன் ஒரு தடவை திரும்பி, இந்த வீட்டுப் பக்கம் பார்க்கிறாள்.

மீன் செதிள் ஒட்டின கையாலேயே ராணியம்மாள் செல்போனைக் கிட்டே இழுத்தாள். முகம் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கால் வீச்சு போதும்.

"யாருன்னு தெரியுதா பெரிம்மா?"

"பானையில எழுதியிருக்கற ஆளுதான்" என்றாள்.

ஜன்னல் பக்கமிருந்து பூவராகன் குழறினார். "அக்கா... பான... போவுது."

இதே வார்த்தை. ஸ்டேஷன் திறந்த அன்றைக்கு அவள் மேலே வந்தபோது இதையேதான் சொன்னார். "அக்கா பானையத் தூக்கிட்டுப் போவுது." அவளும் "ஆமா, ஆமா" என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டாள். மாடு ஓட்டுகிற அப்பாவோடும் பூக்கிற முந்திரியோடும் இதையும் சேர்த்துவிட்டாள்.

கையைக் கழுவாமலே கீழே இறங்கினாள்.

"சார், அந்தக் கேஸக் கிழிச்சிப் போட்டுடுங்க."

"கிழிக்கறதுக்குக் காயிதமாம்மா இது? கம்ப்யூட்டர்ல ஏறிப் போச்சி. சென்னையில இருக்கறவன்கூட இப்பப் பாக்கலாம்."

"எடுத்தது எங்க நாத்தனா. அவுங்க பேரு வெட்டின பானைய அவுங்க எடுத்தா அது திருட்டா?"

எஸ்.ஐ. ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் உத்தரத்தைப் பார்த்தார். "முப்பது வருஷ சர்வீஸுல, தன் பேரு போட்ட பானையத் திருடின அக்யூஸ்ட இப்பதான் பாக்கறேன்."

"நீங்கதான ஒங்களுக்குச் சொந்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் எஸ்.ஐ.

ராணியம்மாள் கையில் ஒட்டியிருந்த செதிளைச் சுரண்டினாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வழி இருக்கும்மா. தவறான தகவல்ல பதிவான கேஸு, மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்டுன்னு முடிச்சிடலாம். ரெண்டு வேணும். பான எங்களுது இல்ல, அவுங்களுதுதான்னு நீங்க திருப்பி ஸ்டேட்மெண்ட் குடுக்கணும். அவுங்க பானையோட இங்க வந்து காட்டணும். நாளைக்கே சினேகாவ நோட்டீஸோட சிதம்பரம் அனுப்பறேன்."

"அய்யோ, யூனிஃபாரம் போவ வேணாம் சார்." மீன் கையோடு கும்பிட்டாள். "தம்பிய பாக்க வாங்கன்னு கூப்புட்டு வராதவங்கள போலீஸ் வெச்சிக் கூப்புட்டா, அந்த வாசப்படி அத்தோட மூடிக்கும். இவுரு அந்த ஜன்னல்லியே பாத்துக்கிட்டுக் கெடந்து போயிடுவாரு. நானே போறேன்."

எஸ்.ஐ. காலண்டரைப் பார்த்தார். "நாளான்னிக்குத் திருவாதிரை. அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும்தான். அதுக்கு மேல நோட்டீஸ் போயித்தான் ஆவணும். எனக்கும் மேல கேக்கறவங்க இருக்காங்க."

மறுநாள் மத்தியானம் சிதம்பரத்தில் தேரோட்டக் கூட்டம். ராணியம்மாள் பஸ்ஸ்டாண்டிலிருந்து சனத்துக்குள் நீந்திப் போனாள். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தில்லையம்மாள் வீடு. அவள் கல்யாண மண்டபங்களுக்குக் காய் நறுக்கப் போகிறவள். இப்போதும் வாசலில் சாக்கு விரித்து, அரிவாள்மணை மேல் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, யார் வீட்டுத் திருவாதிரைக் குழம்புக்கோ பூசணியை அரிந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் அவரை, மொச்சை, சக்கரைவள்ளி, சேனை. தேர் வடத்தை இழுக்கிற சத்தம் சந்துக்குள் வந்து வந்து போனது.

"அண்ணி" என்றாள் ராணியம்மாள்.

அரிவாள்மணை நிற்கவில்லை. "தனியா வந்தியா, போலீஸோட வந்தியா?"

"ஒங்களுக்கு எப்பிடி..."

"பேப்பர்ல போட்டுருக்கான். எம் பேத்தி இளமதி படிச்சிக் காட்டினா. வசந்தம் நகர்ல மொதல் வழக்கு, வெங்கலப் பானையத் தூக்கின மர்ம நபருக்கு வலைவீச்சு. அறுவத்தெட்டு வயசுல எனக்குப் புதுசாப் பேரு வெச்சிட்ட. பானையில தில்லையம்மாள். பேப்பர்ல மர்ம நபரு."

"நீங்க எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாது அண்ணி."

"தெரிஞ்சிருந்தா?"

"எழுதியிருக்க மாட்டேன்."

"அப்ப வேற எவ எடுத்திருந்தாலும் எழுதியிருப்ப. எதுக்குடி, ஒரு பானைக்கு?"

"போணிக்கு."

அரிவாள்மணை நின்றது. "என்னாது?"

ராணியம்மாள் உட்கார்ந்து, மொச்சைக் கூடையை இழுத்துத் தோலுரித்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். கிணற்றில் மிதந்தது, எலுமிச்சம்பழம், கேசரி. தில்லையம்மாளுக்கு வாய்க்கோடி துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"போலீஸுக்குப் போணி பண்ண எம் பானதான் கெடச்சிதா ஒனக்கு?" ஒரு பூசணிக் கீற்று விழுந்தது. "அன்னைக்கு ஒரு வார்த்த சொன்ன. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு பாப்பம்."

ராணியம்மாள் இன்னொரு மொச்சையை உரித்தாள்.

"நான் சொல்றேன். புயல்ல என் கூரை போயி ஒங்க வூட்டுக்கு வந்து பதினாறு நாளு. பொங்கலு. எம் பானையிலதான் பொங்க வெச்சோம். கழுவிட்டு நான் எடுத்துக்கட்டுமான்னேன். நீ என்னா சொன்ன? 'கழுத்துல இருக்கறது பேருதான் அண்ணி. உள்ள பொங்கறது எங்க அரிசி.' பானைய வுட்டுட்டு அப்பிடியே எழுந்து வந்தவதான். கூரை போனப்பகூட எனக்கு அழுவ வரல."

"வூட்ல அன்னைக்குப் பதினாலு பேரு. தோப்பு மொத்தமும் சாஞ்சி கெடக்குது. எனக்கு என்னா பேசறம்னே தெரியல அண்ணி. பேசி முடிச்சப்பறம் தெரிஞ்சிது. அதுக்குள்ள நீங்க ரோட்டுக்குப் போயிட்டீங்க."

"கூப்புட்டிருக்கலாம்ல?"

"கூப்புட்டிருக்கலாம்" என்றாள் ராணியம்மாள்.

தேர் எங்கோ திரும்பியிருக்க வேண்டும். சத்தம் அடங்கி, மேளம் மட்டும் தண்ணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது.

"அன்னைக்கு மாடியேறி வந்திருக்கலாம் அண்ணி. வாசல் வரைக்கும் வந்தீங்களே."

"ஏறத்தான் வந்தேன். தம்பிக்குப் பழம் வாங்கிக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா பந்தலு, போலீஸு, கூட்டம். யாரும் என்னக் கண்டுக்கல. அடுப்புல பாத்தா எம் பேரு. பால் பொங்கி எம் பேரு மேல வழியுது. எவனோ ஒரு போலீஸ்காரன் கரண்டிய அது மேல தட்டறான். எனக்கு என்னமோ ஆயிப் போச்சி. பழத்த மோட்டார் பொட்டி மேல வெச்சேன். பாலை வாளியில ஊத்தினேன். சூட்டோட பானையப் பையில எறக்கினேன். ஒருத்தன் வந்து, 'ஆயா, கழுவவா? அந்தப் பக்கம் கொழா இருக்கு'ங்கறான்."

அந்தப் பழத்தில் ராணியம்மாளும் ஒரு துண்டு தின்றிருந்தாள். அதைச் சொல்லவில்லை.

"அவுரு பாத்துட்டாரு அண்ணி."

"யாரு?"

"ஒங்க தம்பி. ஜன்னல்லதான் எப்பவும். அக்கா பானையத் தூக்கிட்டுப் போவுதுன்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு. நான்தான் பெனாத்தறாருன்னு நெனச்சிட்டேன்."

தில்லையம்மாள் கையிலிருந்த பூசணியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"பாத்துட்டானா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "தூக்கிட்டுப் போவுதுன்னு சொன்னானா, திருடிக்கிட்டுப் போவுதுன்னு சொன்னானா?"

"தூக்கிட்டுன்னுதான்."

"அவன் புத்தி நல்லாத்தான் இருக்கு."

"வருவீங்களா அண்ணி?"

"ஸ்டேஷன்ல வந்து நான் திருடலன்னு எழுதிக் குடுக்கணுமா நானு?"

"நீங்க ஒண்ணும் எழுத வேணாம். எழுதவேண்டியவ நான். நீங்க பானையக் காட்டினாப் போதும்."

"மொச்சைய உரிச்சது போதும். கூட்டம் திரும்பிச்சின்னா பஸ்ல எடம் கெடைக்காது. கெளம்பு." வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. அரிவாள்மணை மறுபடி ஓடத் தொடங்கியது.

திருவாதிரை அன்று பனி ஒன்பது மணிக்கும் விலகவில்லை. ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் சிதம்பரத்தைப் பார்த்தே போயின. படிக்கட்டுவரை சனம் தொங்கியது. ராணியம்மாள் இட்லியைக் கொடுத்துவிட்டு வந்து, வேலை இல்லாத வேலைகளைச் செய்தாள். அடுக்கின பாத்திரத்தை இறக்கித் திரும்ப அடுக்கினாள். கீழே ரைட்டர் நோட்டீஸ் ஃபாரம் தேடுகிற சத்தம் கேட்டது. "சினேகா, அந்த நீலப் பேனா எங்க?" என்றார். அது அவள் நெஞ்சிலேயே கேட்டது.

பத்து மணி சுமாருக்கு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"அக்கா."

ராணியம்மாள் இந்த முறை 'ஆமா' என்று சொல்லவில்லை. கைவேலையைப் போட்டுவிட்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். "எங்க?"

அவர் இடது கையைத் தூக்கினார். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. டவர் இல்லை, மருந்துக்கடை இல்லை, ரோடு இல்லை. மேலே மிதக்கிற டேங்குகள் மட்டும். ராணியம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். வெள்ளைக்குள் ஒரு இடம் கொஞ்சம் அழுக்கானது. அது ஆளானது. இடுப்பில் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு, இடது காலை வீசி வீசி, அவசரமில்லாமல் வந்தது.

ஊரே சிதம்பரத்துக்குப் போகிற நாளில், சிதம்பரத்திலிருந்து ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கமாக வந்து இறங்கியிருக்கிறாள்.

ராணியம்மாள் படி இறங்கி வருவதற்குள் தில்லையம்மாள் வராண்டாவுக்கு ஏறிவிட்டாள். பூனையைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, புகார் பெஞ்சில் பானையை வைத்தாள். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணிக்குள்ளிருந்து ஆவி வந்தது.

"யாருய்யா இங்க பெரியவரு? மர்ம நபரு வந்திருக்கேன்."

எஸ்.ஐ. எழுந்தே நின்றுவிட்டார். ரைட்டர் ஓடி வந்து பானையைச் சுற்றிப் பார்த்தார். கழுத்தில் புள்ளி புள்ளியாக இருந்ததை விரலால் தடவிப் படித்தார். "தி... ல்... லை... கரெக்ட்டுதான் சார். பெரியம்மா, எடை போட்டு எழுதணும். உள்ள என்னா இருக்கு? காலி பண்ணுங்க."

"காலி பண்ணத்தான் கொண்டாந்திருக்கேன். போயி எல எடுத்துக்கிட்டு வா."

துணியை அவிழ்த்தாள். திருவாதிரைக் களி. வெல்லமும் ஏலக்காயும் நெய்யில் வறுத்த முந்திரியும் கலந்த வாசனை எழுந்து, வயர்லெஸ் கரகரப்பையே அமுக்கிவிட்ட மாதிரி ஸ்டேஷன் அமைதியானது.

"கேஸ் பொருள்ல சமையல் பண்ணலாமா..." என்று ரைட்டர் இழுத்தார்.

"வெறும் பானையத் தூக்கிக்கிட்டுத் தம்பி வூட்டுக்கு வரச் சொல்றியா? அந்தப் பொங்கலுக்கு வெறுங்கையோட போனது போதும். குந்து. கரண்டியால பேரத் தட்டினவன் எவன்? நீயா?"

"நான் இல்லம்மா" என்று எஸ்.ஐ.யைத் தவிர எல்லாரும் சொன்னார்கள்.

தில்லையம்மாள் ஒவ்வொரு இலையிலும் வைத்தாள். தட்டினவர் இலையில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள். மர்ம நபரின் கைக்களியை வசந்தம் நகர் ஸ்டேஷன் முழுக்க வழித்து வழித்துத் தின்றது. கடைசியில் அடியில் தங்கியதை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, ராணியம்மாளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"மாடிக்குப் படி எந்தப் பக்கம்?"

"தோ, இப்பிடி அண்ணி."

"நீ வர வேணாம். ஒனக்கு எழுத்து வேலை இருக்குல்ல."

படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்குகிற சத்தம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

ரைட்டர் விரலை நக்கிவிட்டுக் காகிதத்தை இழுத்தார். "சொல்லுக்கா. பானைக்குச் சொந்தக்காரங்க யாருன்னு போட?"

"தில்லையம்மாள்."

"சரி."

"பேரும் அவுங்களுது, உள்ள பொங்கறதும் அவுங்களுதுன்னு போடு."

"பொங்கறதெல்லாம் ஸ்டேட்மெண்ட்ல வராதுக்கா."

"போடுப்பா. அன்னைக்கு வாயால சொன்னேன். இன்னைக்கு எழுத்துல இருக்கட்டும்."

ரைட்டர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. இலையில் ஒட்டியிருந்த முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "போடுங்க ஏட்டய்யா" என்றார்.

பேனா ஓடியது. ராணியம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கீழே பேசுவது மேலே கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். மேலே பேசுவது கீழே இத்தனை துல்லியமாகக் கேட்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டு இன்னொன்றின் பக்கத்தில் போய் நின்றது. பிறகு கிண்ணத்தில் ஸ்பூன் தட்டியது.

"வாயத் தொற. சூடா இருக்குது, ஊதித் தின்னு."

"அக்கா... பான?"

"கீழ போலீஸ் ஸ்டேஷன்ல இருக்குடா. எங்க போயிடப் போவுது? நீ தின்னு."